குரூமர் ரீல் மாட்டியபின் கிரீனில் பழுப்புக் கோடு: ஆழமா, பிளேடா?

காட்பாடி_கிரீன்:
வேலூர் பக்கம் தனியார் இடத்தில் இரண்டு கோல்ஃப் பயிற்சி கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் போட, ஒட்ட வெட்டிய புல்தரை). புல் டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை பெர்முடா வகை. பின்னால் நடந்து ஓட்டும் 21 அங்குல ரீல் மோவர் (உருளையாகச் சுழலும் பிளேடால் புல் வெட்டும் இயந்திரம்), வெட்டு உயரம் 4 மி.மீ. புல் ஒரே பக்கம் படுத்து பந்தை இழுக்கிறது என்பதால் குரூமர் மாட்டினோம், அதாவது ரீலுக்கு முன்னால் சுழன்று புல்லைச் சீவும் மெல்லிய பிளேடு வரிசை. பிளேடு இடைவெளி கால் அங்குலம், வெட்டு உயரத்துக்குக் கீழே 1.5 மி.மீ. இறக்கி, வாரம் மூன்று முறை ஓடுகிறது. போய்த் திரும்பும்போது சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு இடத்தில் பழுப்புக் கோடு விழுகிறது. விளிம்பைச் சுற்றும் வளையத்தில் புல் பிய்ந்து மண் தெரிகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் இவ்வளவு மோசம். ஆழத்தைக் குறைத்தால் போதுமா, பிளேடை மாற்றணுமா?

ராணிப்பேட்டை_ரீல்:
சார், மீட்டருக்கு ஒரு கோடு என்றாலே குரூமர் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. போகும்போது வலது ஓரம் ஆழமாகக் கீறுகிறது. திரும்பும்போது அதே ஓரம் பழைய கோட்டை ஒட்டியே வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பட்டை, அடுத்தது இரண்டு ஓட்டம் தள்ளி. 21 அங்குலத்தை இரண்டால் பெருக்கி, ஓரம் ஏறிவரும் அளவைக் கழித்தால் உங்கள் மீட்டர் வந்துவிடும்.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, மோவரைப் பாலிஷ் போட்ட கிரானைட் பலகையில் நிறுத்துங்கள். முதலில் முன் ரோலரும் பின் ரோலரும் முழு நீளமும் பலகையில் உட்காருகிறதா பாருங்கள். அடுத்தது ரீல், அதற்குக் கீழே அசையாமல் நிற்கும் கத்தியான பெட்நைஃப்: செய்தித்தாள் துண்டை இரண்டு முனையிலும் நடுவிலும் வைத்து ரீலைக் கையால் சுற்றினால் சுத்தமாக வெட்டணும். வெட்டு உயரத்தை உறுதி செய்த பிறகே குரூமரைத் தொடுங்கள். வரிசை மாறினால் எல்லா அளவும் தப்பு.

குரூமர் முனை பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் அளவு. உதாரணமாக வெட்டு 4, குரூமர் 0.5 கீழே என்றால் முனை 3.5 மி.மீ.யில் நிற்கணும். 3.5 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டை இடது முனை பிளேடுக்குக் கீழே நுழையுங்கள், லேசாக உரசிப் போகணும். வலது முனையிலும் அதே உரசல் வரும்வரை அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ஷாஃப்டைச் சுற்றும்போது ஒரு பிளேடு மட்டும் இடித்தால் அது வளைந்திருக்கிறது. ஒரு முனையில் ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அதை மாற்றாமல் லெவல் நிற்காது.

பாலாற்று_மணல்:
லெவல் சரி செய்தாலும் 1.5 அதிகம் அண்ணே. வெட்டு உயரத்தில் பாதி, அதாவது 2 மி.மீ., உச்ச எல்லை; அதுகூட புல் வேகமாக ஓடும் காலத்துக்குத்தான். இன்னொன்று: பலகையில் வைத்த அளவு தரையில் அப்படியே வராது. மழையில் ஊறிய கிரீனில், அதுவும் கீழே தாட்ச் (காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்த அடுக்கு) சேர்ந்து மெத்தென்றிருந்தால், ரோலர் அமுங்கும். மோவர் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு குரூமரும் கூடுதலாக இறங்கும். ஆடியில் ஒன்றும் செய்யாத அளவு ஐப்பசியில் மண்ணைத் தொடுவது அதனால்தான்.

குரூமரின் வேலை படுத்த ஓடுகொடியைத் தூக்கிவிடுவது மட்டும்தான்; பின்னால் வரும் ரீல் அதை வெட்டும். தாட்ச் எடுக்க வெர்டிகட் (செங்குத்துப் பிளேடால் ஆழமாகக் கீறும் இயந்திரம்) தனியாக ஓட்டுங்கள். இரண்டு வேலையையும் குரூமர் தலையில் கட்டினால் கிரீன்தான் கிழியும்.

வளையத்தில் குரூமரை உயர்த்திவிடுங்கள். தினமும் அதே தடம், அதே வளைவு. மெல்லிய பிளேடுகள் நேராக ஓடினால் கீறும், திரும்பினால் பக்கவாட்டில் இழுத்துப் பிய்க்கும். நேர் ஓட்டத்திலும் கிரீனை விட்டு வெளியே வந்த பிறகே திருப்பணும். மண் தெரியும் இடம் மூடும்வரை வளையத்தை ஒன்றிரண்டு அடி உள்ளே வெளியே மாற்றி ஓட்டுங்கள், சில நாள் வளையமே வேண்டாம்.

காட்பாடி_கிரீன்:
வலது பக்க பேரிங் ஆடுகிறது, மாற்றச் சொல்லிவிட்டேன். பிளேடு முனை மழுங்கி உருண்டையாக இருக்கு. புது செட் வாங்கணுமா? அடுத்த வாரம் மணல் வேறு தூவப் போகிறோம்.

ராணிப்பேட்டை_ரீல்:
உடனே வாங்காதீங்க. பல மாடல்களில் ஷாஃப்டைக் கழற்றித் தலைமாற்றிப் போட்டால் மறு விளிம்பு முன்னே வரும். உங்கள் மேனுவலில் அனுமதி இருக்கிறதா பார்த்துச் செய்யுங்கள். இரு பக்கமும் மழுங்கியிருந்தால்தான் புதுசு. கழுவும்போது பிரஷர் தண்ணீரை பேரிங் மேல் நேராக அடிக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். இந்த பேரிங்கும் அப்படிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாலாற்று_மணல்:
மணல் தூவினால் அது பிரஷ் போட்டு, தண்ணீர் விட்டு, புல்லுக்குள் இறங்கி மறையும்வரை குரூமரைத் தூக்கியே வையுங்கள். மேலே கிடக்கும் மணலைக் குரூமர் கிளப்பி நேரே ரீலுக்கும் பெட்நைஃபுக்கும் நடுவில் எறியும், தீட்டின விளிம்பு ஒரே காலையில் போய்விடும்.

பிறகு ஆரம்பிக்கும்போது வெட்டு உயரத்துக்குச் சமமாக, அதாவது 4-லேயே வைத்து ஓட்டி, இரண்டு நாள் பாருங்கள். கோடு இல்லை என்றால் 0.5 இறக்கலாம். வாரம் ஒன்று போதும், ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி, பனி காய்ந்த பிறகு. ஈரத்தில் ஓட்டினால் வெட்டின புல் பிளேடு இடுக்கில் அடைத்துக் கட்டியாக விழும். மார்கழி, தை குளிரில் இந்தப் புல் மெதுவாகத்தான் வளரும். கீறின இடம் மூட நாளாகும். அதனால் அந்த இரண்டு மாதம் குரூமர் மேலேயே இருக்கட்டும். மாசி பாதிக்கு மேல் புது ஓடுகொடி ஓடுவது கண்ணில் பட்டதும் இறக்குங்கள்.