புதுப்பிப்பு: மாரியம்மாவை மாற்றி எழுதினேன்

என் கதையில் வரும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி மாரியம்மாவை, "அழுதுகொண்டே இருக்கிறாள், ஆள் தெரியவில்லை" என்று எழுத்துப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மாற்றவா, விடவா என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்.

மாற்றிவிட்டேன். உப்பளத்துக்குப் போகும் குடும்பத்திலிருந்து வந்த சக மாணவி ஒருவர் ஓரத்தில் எழுதிய கேள்விதான் காரணம்: "ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பளத்துல வேலை கிடையாதே, அப்போ இவ வீட்டு அடுப்பு எப்படி எரியுது?" நான் அதை யோசிக்கவே இல்லை. வெயிலையும் கண் கூசும் வெள்ளையையும்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

இப்போது கதை மழையில் தொடங்குகிறது. முன்பணம் கேட்கக் கிளம்பிய மாரியம்மா, பாதி வழியில் மனம் மாறி, காதுத் தோட்டை அடகு வைக்கிறாள். அழவில்லை.

"வட்டார வழக்கைக் குறை" என்றதை மட்டும் ஏற்கவில்லை. அவள் பேச்சு அதுதான். வெள்ளிக்கிழமை வகுப்பில் மறுபடி வாசிக்கிறேன்.