புது கூலர் மாட்டியும் அதே 95 டிகிரி, உங்களுக்கும் இப்படி ஆச்சா?

கோர்_பதினாறு:
என் பிராசஸர் ரைசன் 9 7950எக்ஸ். சின்ன கூலரைக் கழற்றிட்டு ரெட்டை டவர் கூலர் மாட்டி, பிராசஸரை முழுசா வேலை வாங்குற சினிபெஞ்ச் டெஸ்ட்டை ஓட விட்டேன். 95-க்குப் போய் அங்கேயே நின்னுச்சு. பழசும் இதே 95 தான்! கூலர் அடியில இருந்த பிளாஸ்டிக் உறை உரிச்சாச்சு, சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் சரியா பரவியிருக்கு. அப்புறம்தான் கிளாக்கை, அதாவது சிப்பு ஓடுற வேகத்தைப் பார்த்தேன், ஏறியிருக்கு. ஸ்கோரும் ஏறியிருக்கு. இந்த சிப்பு 95 வரைக்கும் கிடைக்கிற இடத்தையெல்லாம் கூடுதல் கிளாக்கா மாத்திக்குது. புரியுது, ஆனா அந்த நம்பரைப் பார்த்தா மனசு ஒப்பல.

பின்_வளைஞ்சவன்:
நீங்களாவது மாட்டிட்டீங்க. நண்பரோட ஏஎம்4 மெஷின்ல (பிராசஸர் அடியில பின் இருக்கிற பழைய ஏஎம்டி சாக்கெட்) பழைய கூலரைத் தூக்கினதும் பிராசஸரும் சேர்ந்தே வந்துடுச்சு. சாக்கெட் லீவர் பூட்டினபடியே இருக்கு! காய்ஞ்ச பேஸ்ட் அப்படிப் பிடிச்சிருக்கு. ஓரத்துல ஒரு பின் பக்கத்துப் பின் மேல சாஞ்சு கிடந்துச்சு. பிளேடு முனையால நிமிர்த்தினோம். ஆன் ஆச்சு, ஆனா ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் எழவே இல்ல. புது கூலர் எவ்வளவு குறைச்சுதுன்னு பார்க்கவே தோணல.

டெல்டா:
கோர்_பதினாறு, 95-ஐயே பார்த்துட்டிருந்தா அது டெஸ்ட்டே இல்ல. பயாஸ்ல (மதர்போர்டு செட்டிங்ஸ்) பிராசஸர் பவரை ஒரே வாட்ஸ் அளவுல பூட்டுங்க, அப்போ தெரியும் எது குளிர்விக்குதுன்னு. அறை வெப்பத்தையும் குறிச்சுக்குங்க. மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு ஓட்டி ஒப்பிட்டா என்ன அர்த்தம்? அறை வெப்பத்தைக் கழிச்சு வர்ற வித்தியாசம்தான் கணக்கு. ஃபேன் வேகத்தையும் ஒரே அளவுல வைங்க. முதல் ரெண்டு நிமிஷத்தை நம்பாதீங்க, அலுமினியத் தகடெல்லாம் சூடேற நேரம் வேணும். நான் கேபினட்டோட பக்கவாட்டு மூடியைத் திறந்து வச்சு டெஸ்ட் பண்ணி சந்தோஷப்பட்டவன். மூடினதும் கிராபிக்ஸ் கார்டு சூடெல்லாம் கூலருக்குள்ள போச்சு. அப்புறம் பின்_வளைஞ்சவனே, ஏஎம்4-ல கழற்றுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் லோடு கொடுத்து சூடாக்கணும், ஆஃப் பண்ணிட்டு இடமும் வலமுமா திருகித்தான் எடுக்கணும்.

பின்_வளைஞ்சவன்:
அந்த மெஷின் ஆன் ஆகாமத்தான் கூலரையே கழற்றினோம் சார். எதுல லோடு கொடுக்கிறது?

உயர_ரேம்:
என்கிட்ட கேபினட்டை மூடவே முடியல. ரேம் உயரம், அதனால முன்பக்க ஃபேனை மேல ஏத்தி மாட்டினேன், இப்போ ஃபேன் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியில இடிக்குது. கூலர் உயரம் 165 மில்லிமீட்டர்னு பெட்டியில போட்டிருந்தாங்க. அது ஃபேனை ஏத்தாம அளந்ததாம்.