ஆசிட் ஸ்லரி விலைக்கும் கச்சா எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

நுரைக்கடை:
வீட்டிலேயே துணி பவுடரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் அழுக்கு நீக்கும் முக்கியச் சரக்கான ஆசிட் ஸ்லரி வாங்கும் இடத்தில் விலை ஏற்றும்போதெல்லாம் ‘குரூட் ஏறிடுச்சு மேடம்’ என்கிறார்கள். டீசல் ஏறினால் வண்டி வாடகை ஏறும், அது புரிகிறது. ஆனால் பழுப்பாக, தேன் மாதிரி கெட்டியாக இருக்கிற இந்தச் சரக்குக்கும் கச்சா எண்ணெய்க்கும் நேரடித் தொடர்பு உண்டா, இல்லை சும்மா சாக்கா? லிக்விடில் நுரைக்காகச் சேர்க்கும் எஸ்எல்இஎஸ் தேங்காயில் இருந்து வருகிறது என்றார்கள், அதுவும் கூடவே ஏறுகிறதே?

மணலிவாசி:
தொடர்பு நேரடியானதுதான் அக்கா. ஸ்லரிக்கு மூலம் எல்ஏபி என்கிற திரவம், அது வருவது மண்ணெண்ணெயில் இருந்து. எங்கள் சென்னை மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் என்ற கம்பெனி அதைச் செய்கிறது, மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கும் சிபிசிஎல் ரீஃபைனரியில் இருந்து வருகிறது.

மண்ணெண்ணெய் என்பது பல வகை மூலக்கூறுகளின் கலவை. அதில் 10 முதல் 13 கார்பன் வரை நேர்கோடாகக் கோத்திருக்கும் சங்கிலிகள் மட்டும்தான் இந்த வேலைக்கு ஆகும். மிக நுண்ணிய துளைகள் உள்ள ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியாக விட்டால் நேர்ச்சங்கிலிகள் துளைக்குள் நுழைந்து தங்கிவிடும், கிளை விட்டவை நுழைய முடியாமல் வெளியே போய்விடும். மிச்ச மண்ணெண்ணெயை ரீஃபைனரிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரித்த சங்கிலியைக் கிட்டத்தட்ட 500 டிகிரி சூட்டில் பிளாட்டினம் வினையூக்கி மேல் ஓட்டிக் கொஞ்சம் ஹைட்ரஜனைக் கழற்றி, அந்த இடத்தில் பென்சீனை ஒட்டுகிறார்கள். அதுதான் எல்ஏபி. எடையில் மூன்றில் ஒரு பங்கு பென்சீன், அதுவும் எண்ணெயில் இருந்து வருவதுதான். இந்த எல்ஏபியைக் கந்தக டிரைஆக்சைடோடு சேர்த்தால் உங்கள் ஸ்லரி. அந்தக் கந்தகமும் பெரும்பாலும் கச்சா எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்தம் செய்யும்போது பிரித்தெடுத்ததுதான் என்பது கூடுதல் தகவல்.

நேர்ச்சங்கிலிதான் வேண்டும் என்று இத்தனை பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 1950களில் புரொப்பிலீனில் செய்த கிளைச்சங்கிலிச் சரக்கு மலிவாகக் கிடைத்தது, நன்றாகவும் துவைத்தது. ஆனால் கிருமிகளால் அதை எளிதில் தின்ன முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் மலை மலையாக நுரை நின்றது, 60களில்தான் நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி, கச்சா எண்ணெய் இறங்கும்போது ஸ்லரி ஏன் இறங்குவதில்லை? ஏறும்போது அன்றைக்கே ஏற்றுகிறார்கள், இறங்கினால் ‘பழைய ஸ்டாக்’ என்கிறார்கள். இதில் பாதி வியாபாரியின் வேலைதான்.

மணலிவாசி:
அதையும் மறுக்கவில்லை. ஆனால் கச்சா எண்ணெய் விலையை மட்டும் பார்த்தால் போதாது. விமான எரிபொருளும் கிட்டத்தட்ட இதே மண்ணெண்ணெய்தான், அதனால் விமானங்கள் அதிகம் பறக்கும் காலத்தில் கச்சா அசையாமல் இருந்தாலும் எல்ஏபிக்கான மூலப்பொருள் விலை ஏறலாம். பென்சீனுக்குத் தனிச் சந்தை. டாலர் விலை வேறு. பெரிய சோப்புக் கம்பெனிகள் இந்தத் தலைவலியைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும், நிர்மா குஜராத்தில் சொந்தமாகவே எல்ஏபி ஆலை வைத்திருக்கிறது. கேன் கணக்கில் வாங்குகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

எத்திலீன்ராஜ்:
எஸ்எல்இஎஸ் பற்றி நான் சொல்கிறேன் மேடம். தேங்காய் என்றது பாதி உண்மை. அதில் இருக்கும் லாரில் ஆல்கஹால் தேங்காய் எண்ணெயிலோ பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெயிலோ இருந்து வரும், பெரும்பாலும் இரண்டாவதுதான், அதனால் இந்தோனேசியாவில் விலை ஏறினால் இங்கேயும் ஏறும். ஆனால் அதோடு எத்திலீன் ஆக்சைடு சேர்க்க வேண்டும், எடையில் அது கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அது முழுக்கப் பெட்ரோ சரக்கு. கச்சா எண்ணெயில் இருந்து பிரிக்கும் நாப்தா என்ற லேசான திரவத்தையோ, இயற்கை எரிவாயுவில் இருந்து பிரித்த ஈத்தேனையோ நீராவியோடு 800 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் ஒரு நொடிகூட விட்டுவைக்காமல் உடனே குளிர்விக்க வேண்டும், இல்லையென்றால் கரியாகிவிடும். உடைந்து வருவதில் எத்திலீனை மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துப் பிரித்து, வெள்ளி வினையூக்கி மேல் ஆக்சிஜனோடு ஓட்டினால் எத்திலீன் ஆக்சைடு. ஈத்தேனில் பெரும்பகுதி எத்திலீனாகவே மாறும், நாப்தாவில் அது சுமார் 30 சதவீதம்தான், மீதி புரொப்பிலீன், பென்சீன் என்று பல சரக்காகப் பிரியும். மேற்கு வங்கம் ஹால்டியாவில் இருப்பது நாப்தாவில் ஓடும் ஆலை, உத்தரப் பிரதேசம் பாட்டாவில் அரசு எரிவாயு நிறுவனமான கெயில் நடத்துவது எரிவாயுவில் ஓடும் ஆலை. நீங்கள் லிக்விட் ஊற்றி விற்கும் பிளாஸ்டிக் கேனும் இதே எத்திலீன் குடும்பம்தான்.

நுரைக்கடை:
ரொம்ப நன்றி. அப்போ மண்ணெண்ணெயில் இருந்து வந்ததைப் பாத்திரத்தில் தேய்க்கலாமா? ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டால் என்ன சொல்வது? ஸ்லரியின் அமிலத்தை முறிக்கச் சேர்க்கும் காஸ்டிக் சோடாவும் எண்ணெயில் இருந்துதானா?

மணலிவாசி:
எல்ஏபி ஆனபிறகு அது மண்ணெண்ணெய் இல்லை, முற்றிலும் வேறு பொருள், நன்றாக அலசினால் போதும் என்று சொல்லுங்கள். காஸ்டிக் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது, அங்கே கரண்ட் செலவுதான் பெரிது. 100 கிலோ ஸ்லரியை நடுநிலையாக்கச் சுமார் 12, 13 கிலோ காஸ்டிக் போகும், ஒவ்வொரு கேனுக்கும் அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஎச் தாள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்த பிறகு ஸ்லரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், நல்ல சூடு கிளம்பும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.