ஓபன் பேக் ஹெட்போனும் ஓடுகிற ஃபேனும்: வீட்டில் கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூர் நண்பன் கத்திரி வெயிலில் ஊருக்கு வந்தவன், தன் சென்ஹைசர் எச்டி 600 ஓபன் பேக் ஹெட்போனை (கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே கேட்கும்) என் கையில் கொடுத்து, "வெச்சிக் கேளு மச்சான், புடிச்சா புதுசு வாங்கிக்க" என்றான். 1997-ல் வந்த மாடல், இன்றைக்கும் எதை ஒப்பிட்டாலும் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். மாடி அறை, மதியம், ஃபேன் ஐந்தில். ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். சரி, நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது. என்னிடம் இருக்கும் சாதாரண மூடிய ஹெட்போனில் மிருதங்கம் இதைவிடக் கனமாக விழும்.

ஒரே வரியை விரித்து விரித்துப் பாடுகிற நிரவல் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஃபேன் இறக்கை நிற்க நிற்க, பாட்டுக்கு அடியிலிருந்து தம்புரா மேலே வந்தது. அந்தப் பதிவில் தம்புரா அவ்வளவு தெளிவாக இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. பாடுகிறவர் அடுத்த சுற்றுக்கு மூச்சு இழுப்பது, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து எடுக்கிற கும்கி, வயலினில் வில் திரும்பும் இடம், எல்லாம் தனித்தனியாக. மண்டைக்குள் அடைந்து கிடக்காமல் காதுக்குச் சற்றுத் தள்ளி. போன் பேட்டரியில் ஓடுவதால் பாட்டு நிற்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. நிரவல் முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது, தம்புரா போய்விட்டது.

கரண்ட் போனால் மட்டும் முழுசாகக் கேட்கிற பொருளுக்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா? வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் யார் உட்காருவது?

குடியாத்தம்:

உங்களுக்கு ஃபேன், எனக்குப் பாட்டி. பகலெல்லாம் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், அதனால் ராத்திரிதான் கேட்பேன். என்னுடையதும் ஓபன் பேக்தான், பிலிப்ஸ் எஸ்எச்பி 9500. மின்தடை 32 ஓம்தான், போனிலேயே நன்றாக ஓடும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் நடுவில் தண்ணீர் குடிக்கலாம் என்று நிறுத்தினேன். இருட்டில் கூடத்துக் கட்டிலிலிருந்து குரல்: "ஏண்டா, தீர்மானம் வெக்கறதுக்குள்ள நிறுத்திட்ட?" தூங்கிவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்! எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ. அன்றிலிருந்து எதைப் போட்டாலும் பாட்டிக்குப் பிடிக்குமா என்று ஒரு யோசனை வந்துவிடுகிறது.

காட்பாடி:

சத்துவாச்சாரி சார், ஃபேன்மேல் பழி போடாதீர்கள். எச்டி 600 என்பது 300 ஓம், அதை ஓட்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். எதில் செருகிக் கேட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே? போன் என்றால் சார்ஜர் துளையில் ஹெட்போனைச் செருக உதவும் குட்டி ஒயர், அதாவது டாங்கிள்தான் இருக்கும். ஆப்பிளின் சி-டைப் டாங்கிள் ஐபோனில் சுமார் 1 வோல்ட் கொடுக்கும், 97 டெசிபெல் பக்கம் வரும், வீட்டுக்குப் போதும். அதையே பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் சத்தம் பாதிக்குப் பாதி அடங்கிப்போகும். டாங்கிளின் உள் வால்யூமை போன் முழுசாகத் திறந்துவிடாததுதான் காரணம். யூஎஸ்பியை நேரடியாகக் கையாளும் பிளேயர் ஆப் போட்டால் சரியாகும்.

என் கதை சின்னது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு மாடலை மாற்றி மாற்றிக் கேட்டேன். விலை கூடியதை என் தலையில் மாட்டும்போது கடைப் பையன் கட்டைவிரலால் வால்யூம் பட்டனை நைசாக மேலே தள்ளினான், கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் அதுதான் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக வையுங்கள். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, மைக்கைக் கப்புக்கு நடுவில் ஒரே இடத்தில் பிடித்தால் ஓரளவு போதும். ஈக்வலைசரை அணையுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டையே போடுங்கள், கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டு எதில் கேட்டாலும் பிரமாதமாகத்தான் இருக்கும். பேஸ் (கீழ்ச் சத்தம்) குறைகிறது என்று உடனே கழற்றி வைக்காதீர்கள். இந்த வகை டைனமிக் (கூம்பு அதிர்ந்து ஒலிக்கும்) ஓபன் பேக்கில் பின்பக்கம் திறந்திருப்பதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரிவது இயல்பு. பிளேனர் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) வாங்கினால் அடிவரை நேராகப் போகும், ஆனால் அவற்றில் பல கழுத்துக்கு வேலை வைக்கும். இன்னொன்று, கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் கேட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிவிட்டுக் கேட்பார்கள், வீட்டுக்கு வந்தால் வேறு சத்தம் வரும்.

ஆம்பூர்:

கரண்ட், டாங்கிள் எல்லாம் இருக்கட்டும், காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, அந்தப் பேடைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என்னுடையது பேயர்டைனமிக் டிடி 990 புரோ, 250 ஓம். அதன் வெல்வெட் பேட் நசுங்கி அப்பளமாகிவிட்டது. நம்ம ஊரில் தோலுக்கா பஞ்சம்? ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஒருவர் தெரிந்தவர். பழைய பேடைப் பிரித்து, அட்டையில் அளவு வெட்டி, மெத்தென்ற ஆட்டுத்தோலில் தைத்துக் கொடுத்தார். கடையில் விற்பதைவிடத் தையல் நேர்த்தி.

மாட்டிப் பாட்டைப் போட்டால் வேறு ஹெட்போன்! பேஸ் வீங்கிவிட்டது. குரல் மூக்கடைத்த மாதிரி. மிருதங்கத் தொப்பி தவில் மாதிரி விழுகிறது. துணி வழியே காற்று போகும், தோல் வழியே போகாது. காதைச் சுற்றி அடைத்துக்கொண்டால் கீழ்ச் சுரங்கள் ஏறத்தானே செய்யும்? அவரிடமே எடுத்துப்போனேன். அவரும் காதில் வைத்து ஒரு எண்பதுகளின் பாட்டு முழுக்கக் கேட்டார். கழற்றி, உள்வட்டத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "காத்து போவல சார், ஓட்ட போட்டா இன்னா?" என்றார். செருப்பு மேல்தோலில் பூ மாதிரி ஓட்டை போடுகிற பஞ்ச் கருவியை எடுத்து உட்பக்கம் மட்டும் வரிசையாகத் தட்டினார். ஒரு வரிசை தட்டுவார், கேட்கச் சொல்வார், அடுத்த வரிசை. மூன்றாவது வரிசையில் குரலின் மூக்கடைப்பு விட்டது. "நிறுத்திக்கலாம், இதுக்கு மேல போனா தோலு கிழியும்."

பேஸ் இன்னும் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்த மாடலுக்கே உரிய மேல்ஸ்தாயிக் கூர்மை அடங்கி, ஜால்ரா காதைக் குத்துவதில்லை. வெயிலில் தோல் பிசுபிசுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்துவாச்சாரி:

காட்பாடி சார், டாங்கிள் போட்டது ஐபோனில். வால்யூமை நான் தொடவே இல்லை, கரண்ட் போகும் முன்பும் பின்பும் அதே அளவு. மாறியது ஃபேன் மட்டும்தான். தம்புராவும் மெல்லிய சத்தம், ஃபேனும் இடைவிடாத சத்தம். ஓயாமல் ஒலிப்பதில் பலமானது மெல்லியதை மூடிவிடும். திறந்த கப்பில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. ஃபேனை மீறச் சத்தத்தை ஏற்றலாம், காது யாருடையது?

ஆற்காடு:

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் போடுங்கள், குறைந்த வேகத்தில் சத்தமே தெரியாது. இல்லாவிட்டால் டேபிள் ஃபேனைக் காலுக்கு நேராகத் தூர வையுங்கள். நான் ஹெட்போன் வாங்கவில்லை, ஃபேன்தான் வாங்கினேன்.

காட்பாடி:

குறைந்த வேகத்தில் மே மாதம் வேலூரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா. சத்துவாச்சாரி சார், ஐபோன் என்றால் டாங்கிள் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபேனை நிறுத்தி இரண்டு ஹெட்போனையும் ஒரே பாட்டில் கேட்டீர்களா? அதைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

சத்துவாச்சாரி:

ஐந்து மணிக்கு எதிர் வீட்டில் தண்ணி மோட்டார் ஓடும் சார். ஆம்பூர் அண்ணா, அந்தத் தையல்காரர் எச்டி 600-க்கும் பேட் தைப்பாரா? அது வட்டம் இல்லை, நீள்வட்டம். பேட் நண்பனுடையது, பிரிக்கக் கொடுக்க முடியாது. அளவு எடுத்து அனுப்பினால் போதுமா?