ஏசியைக் கழற்றிய அன்று போன 2 டன்

திருச்சியிலிருந்து:

போன வருஷம் எங்கள் வீட்டுக் கார்பன் கணக்கை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கரண்ட் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு 500 யூனிட் வரும். அதுவே வருஷத்துக்கு 2 டன். சரி, கரண்டில் கைவைப்போம் என்று நாலு ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினோம். 75 வாட் இழுத்த இடத்தில் இப்போது 30. தினம் பத்து மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு சுமார் 460 கிலோ மிச்சம். மனசுக்கு நிறைவாக இருந்தது.

தை மாதம் வீடு மாறினோம். ஏசியைக் கழற்ற வந்த பையன் அவுட்டோர் யூனிட் பக்கம் உட்கார்ந்து ஸ்பேனரால் நட்டைத் திருகினான். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். செம்புக் குழாய் முனையில் வெள்ளையாகப் பனி படிந்தது.

“கேஸ் போகுதேப்பா?”

“புது வீட்டுல ஃபுல்லா அடிச்சிடலாம் சார்.”

அன்று ராத்திரி யூனிட்டின் ஸ்டிக்கரைப் படித்தேன். உள்ளே இருந்த கேஸ் ஆர்-410ஏ, 1 கிலோ. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், நூறு வருஷக் கணக்கில், அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 2,000 மடங்கு. அதாவது அந்தச் சில நிமிஷத்தில் போனது 2 டன், எங்கள் ஒரு வருஷக் கரண்ட். நாலு ஃபேனும் நாலு வருஷத்துக்கு மேல் ஓடினால்தான் அதை ஈடுகட்டும். என் நோட்டில் ஏசி கேஸுக்கு ஒரு வரிகூட இல்லை.

கோவையிலிருந்து:

பன்னிரண்டு வருஷமாக ஏசி வேலைதான் செய்கிறேன். கம்ப்ரஸர் நன்றாக இருந்தால், ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளியே விட வேண்டிய அவசியமே இல்லைங்க. கூலிங்கில் ஓடவிட்டு, முதலில் சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கேஸ் எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள் போய்விடும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கியதும் பெரிய வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்ய வேண்டும். பம்ப் டவுன் என்போம். பத்து நிமிஷ வேலை. ஒரு நாளைக்கு ஆறேழு வீடு ஓடுகிற பையனுக்கு அந்தப் பத்து நிமிஷமே பெரிசு, அதனால் பம்ப் டவுன் செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். புதிது வாங்குபவர்கள் ஸ்டிக்கரையும் பாருங்கள்: கேஸ் ஆர்-32 என்றால் கார்பன் டை ஆக்சைடைப் போல் 675 மடங்கு, ஆர்-290 என்றால் அதைவிட மிகமிகக் குறைவு.

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டில் மூன்று கோடையாக டாப்-அப் செய்துகொண்டிருந்தோம். ஏசி கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த சித்திரையில், கசிவைக் கண்டுபிடித்த பிறகுதான் கேஸ் அடிக்கணும் என்று பிடிவாதமாக நின்றேன். குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவினார்கள். சுவரோரத்து நட்டில் கடுகு அளவில் ஒரு குமிழி, உடைய உடைய மறுபடி ஊதிக்கொண்டே இருந்தது. முனையை வெட்டி, புதிதாக ஃப்ளேர் அடித்து (முனையைப் புனல் போல் விரித்து) இறுக்கினார்கள். ஐப்பசி ஆகிவிட்டது, கூலிங் அப்படியே இருக்கிறது.