மிச்சக் காசு திரையில் தெரிவது ‘வெறும் பழக்கமா’?

மல்லிகா_ஈசூன்
சிங்கப்பூரில் பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் அட்டையில் கட்டணம் செலுத்தும் சிம்பிளிகோ முறையைப் பற்றி நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் இந்தத் தளத்திலும் இருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை, அவரே வருவார். அவர் எழுதியது இது: “முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் அறிவார்ந்த கருவிகளை வடிவமைக்கும்போது, பயனாளர் கேட்பதை எல்லாம் கொடுத்துவிடக் கூடாது. சிம்பிளிகோவில் மிச்சக் காசு திரையில் தெரிய வேண்டும் என்று ஊரே சத்தம் போட்டது. அது பழக்கம், தேவையல்ல. ஒரு பழக்கத்துக்காக 40 மில்லியன் வெள்ளி போனது.”

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜனவரியில் நிலப் போக்குவரத்து ஆணையம், ஜூன் 1 முதல் பழைய ஈசி-லிங்க் பயண அட்டை முறை சலுகை அட்டை இல்லாத வயதுவந்தோருக்கு இல்லை, அவர்கள் எல்லாரும் சிம்பிளிகோவுக்கு மாற வேண்டும் என்றது. அப்போது சிம்பிளிகோ அட்டையைத் தட்டினால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று பஸ்ஸிலும் எம்ஆர்டி நுழைவாயிலிலும் தெரியாது. செயலியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஜனவரி 22ஆம் தேதி அமைச்சர் முடிவை மாற்றினார். பழைய முறையையும் தொடர்ந்து நடத்தத்தான் அந்த 40 மில்லியன்.

என் அத்தை அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறார். இன்னும் 60 ஆகவில்லை, முதியோர் சலுகை கிடையாது. அட்டையில் பத்து வெள்ளி போடுவார். இறங்கும்போது திரையில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் நாளைக்குக் காசு போட வேண்டுமா, இன்று காய்கறி வாங்கலாமா என்று முடிவு செய்வார். இதைப் பழக்கம் என்று சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது?

கோடர்_குமார்
வந்துவிட்டேன். எழுதியது நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை.

அக்கா, பழைய அட்டையில் பணம் அட்டையின் சில்லுக்குள்ளேயே இருந்தது. கருவி அங்கேயே கழித்து அங்கேயே காட்டியது. சிம்பிளிகோவில் அட்டை ஓர் அடையாளம் மட்டும்தான். கணக்கு பின்னால் சர்வரில் இருக்கிறது. மிச்சத்தைக் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். அதற்குச் சில விநாடிகள் கூடுதலாகும் என்று அப்போதே விளக்கம் கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்கு உட்லண்ட்ஸ் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் சில விநாடி என்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நான் இந்தத் துறையில் இருக்கிறேன், வாயில் வந்ததை எழுதவில்லை.

மல்லிகா_ஈசூன்
சர்வர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கழிந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று என் அத்தைக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா? அதற்குப் பதில் சொல்லுங்கள். இன்னொன்று, என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். போன வருடம் சமூக மன்றத்துத் தமிழ்ப் பலகை பற்றிய விவாதத்தில் நீங்கள் பேசிய பேச்சுக்கு இந்த உறவெல்லாம் பொருந்தாது.

கோடர்_குமார்
பலகை விவகாரத்தை இங்கேயும் இழுக்கிறீர்களா? அதில் நான் சொன்னதுதான் சரி என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

மல்லிகா_ஈசூன்
யாருக்குத் தெரிந்தது?

ரேவதி_வடிவம்
நான் வடிவமைப்பு படிக்கும் மாணவி. இடையில் ஒன்று சொல்லட்டுமா? ஐஎஸ்ஓ 9241-210 என்று ஒரு தரநிலை இருக்கிறது. மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பது என்றால் பயனாளர் யார், என்ன வேலையை எந்தச் சூழலில் செய்கிறார் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், அவரைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும், சோதித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. இங்கே ‘தேவை’ என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் பேச எளிதாக இருக்கும்.

கோடர்_குமார்
தங்கச்சி, தரநிலை எல்லாம் நாங்களும் படித்ததுதான். இங்கே பேச்சு விநாடிகளைப் பற்றி.

மல்லிகா_ஈசூன்
இல்லை, இங்கே பேச்சு மிச்சக் காசைப் பற்றி.

பெருமாள்_ஓய்வு
நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். விநாடிக் கணக்கு எனக்குத் தெரியும். இறங்கும் கதவில் ஒருவர் நின்று எண்ணைப் படித்தால் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அடுத்த நிறுத்தத்துக்குத் தாமதம், அதற்கடுத்ததுக்கும் தாமதம். குமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய கருவி எண்ணைக் காட்டிக்கொண்டேதானே இத்தனை வருடம் ஓடியது? 2002இல் ஈசி-லிங்க் வந்தபோதும் எண் தெரிந்தது. அதனால் பஸ் நின்றுபோய்விடவில்லை.

மல்லிகா_ஈசூன்
நன்றி அண்ணே. அதைத்தான் நானும் சொல்கிறேன். இருந்ததை எடுத்துவிட்டு, எடுத்ததைக் கேட்பவரிடம் “உனக்கு அது தேவையில்லை” என்கிறார்கள். என் அத்தை ஒரு கணம் நின்று பார்ப்பார், ஓட்டுநர் கண்ணாடியில் முறைப்பார், சில நேரம் கத்துவார். இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். திட்டு வாங்கிக்கொண்டும் ஒருவர் ஒன்றைச் செய்கிறார் என்றால் அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று புரியவில்லையா?

பெருமாள்_ஓய்வு
ஓட்டுநர் கத்துவார் என்று எதற்கு எழுதுகிறீர்கள்? நான் யாரிடமும் கத்தியதில்லை.

செவிவழி
எனக்குப் பார்வை மிகக் குறைவு. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் எல்லாரும் திரை, எண், திரை, எண் என்கிறீர்கள். அந்தத் திரையை நான் ஒரு நாளும் படித்ததில்லை. எனக்கு மிச்சம் தெரிய ஆரம்பித்ததே செயலி வந்த பிறகுதான். போனில் உள்ள டாக்பேக் என்ற வசதி திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிறது. பழைய முறையில் பக்கத்தில் நிற்பவரிடம் “எவ்வளவு காட்டுகிறது?” என்று கேட்க வேண்டும், என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று அந்நியருக்குத் தெரிந்துவிடும். அது எனக்குக் கூச்சமாக இருக்கும். மல்லிகா அவர்களே, பயனாளர் என்றால் உங்கள் அத்தை மட்டும்தானா?

கோடர்_குமார்
இதுதான் நான் சொல்ல வந்தது! செயலிதான் உண்மையான உதவிக் கருவி. பெரிய எழுத்து வைக்கலாம், குரலில் கேட்கலாம். பஸ்ஸில் இருக்கும் அந்தச் சின்னத் திரையால் இதெல்லாம் முடியாது.

செவிவழி
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை குமார். எத்தனையோ செயலிகளில் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். டாக்பேக் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும் சொல்லும். எந்தப் பொத்தானில் பணம் போகும் என்று தெரியாமல் விரலை வைக்கப் பயமாக இருக்கும். அதைச் செய்வது உங்கள் துறைதான்.

கோடர்_குமார்
நான் அப்படிச் செய்வதில்லை.

மல்லிகா_ஈசூன்
செவிவழி அவர்களே, உங்களுக்குச் செயலி உதவுகிறது, எனக்கும் சந்தோஷம். ஆனால் உங்களுக்குச் செயலி வேண்டும் என்பதற்காக என் அத்தையின் எண்ணை எடுக்க வேண்டுமா? இரண்டும் இருக்கட்டும். என் அத்தையிடம் இருப்பது பழைய போன், டேட்டா வாரக் கடைசியில் தீர்ந்துவிடும். செயலியில் ஆங்கிலம் அவருக்கு ஓடாது. யாராவது அவருடன் ஒரு காலை பஸ்ஸில் போய்ப் பார்த்தார்களா? போயிருந்தால் அந்த எண்ணை எடுக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

செவிவழி
என்னுடனும் யாரும் பஸ்ஸில் வந்து பார்க்கவில்லை.

மல்லிகா_ஈசூன்
அப்படியானால் நாம் ஒரே பக்கம்தான்.

செவிவழி
இல்லை. நீங்கள் திரையைக் கேட்கிறீர்கள். நான் குரலைக் கேட்கிறேன். திரைக்கு ஊரே எழுந்து நின்றது. குரலுக்கு யார் நின்றார்கள்?

கோடர்_குமார்
எல்லாரும் குறை மட்டும் சொல்கிறீர்கள். நல்லதையும் பாருங்கள். 2009இல் கிரீன் மேன் பிளஸ் கொண்டுவந்தார்கள். சாலை கடக்கும் இடத்தில் முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். இதையும் பொறியாளர்கள்தான் செய்தார்கள்.

மல்லிகா_ஈசூன்
நீங்களே நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். அதில் புதிதாக என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது? ஒன்றுமில்லை. பையில் ஏற்கனவே இருக்கும் அதே அட்டை, பஸ்ஸில் செய்யும் அதே தட்டல். செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை. கால் மெதுவாக நடக்கும், அதற்கு நேரம் கொடுத்தார்கள். மனிதனின் காலைப் பார்த்துச் செய்தது அது. சிம்பிளிகோவில் அத்தையின் கண்ணை யாரும் பார்க்கவில்லை. சாலையில் 13 விநாடி வரை கொடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஸ்ஸில் சில விநாடி கொடுக்க மனசில்லையா?

கோடர்_குமார்
சாலையும் பஸ்ஸும் ஒன்றா? நீங்கள் ஒப்பிடுவது சரியில்லை. நீங்கள் சொல்லும் மெதுவாக நடக்கிறவர் அட்டையைத் தட்டும் அந்தக் கம்பம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் தட்ட வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

பெருமாள்_ஓய்வு
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஓட்டுநர் கத்துவார் என்று எழுதியதை எடுங்கள்.

மல்லிகா_ஈசூன்
அண்ணே, உங்களைச் சொல்லவில்லை.

சரி, இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மிச்சக் காசோடு நிற்பதில்லை. என் அம்மாவுக்கு விழுந்தால் அழுத்தும் அவசரப் பொத்தான் ஒன்று வாங்கினோம், கழுத்தில் மாட்டுவது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பொத்தான் லேசாகப் பட்டாலே அழைப்பு போய்விடும். கோயிலில் விழுந்து கும்பிடும்போது போனது, தாளிக்கும்போது போனது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் “என்ன ஆச்சு?” என்று கேட்பார், அம்மா பதில் சொல்லத் தெரியாமல் பயந்துபோவார். கடைசியில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அந்தக் கம்பெனிக்காரரிடம் சொன்னால், “பாட்டி பழகிக்கொள்வார்” என்றார். நீங்கள் எழுதியதும் அதே பேச்சுத்தான் குமார். கருவி தவறினாலும் பழக வேண்டியது எங்கள் அம்மா.

ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 2012இல் வந்த ‘ஈஸ்’ திட்டத்தில் கழிவறையில் கைப்பிடிக் கம்பி போட்டார்கள், தரை வழுக்காமல் செய்தார்கள். அம்மா அந்தக் கம்பியைப் பிடிக்காத நாளே இல்லை. அதற்கு யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை.

கோடர்_குமார்
கம்பியும் அறிவார்ந்த தொழில்நுட்பமும் ஒன்றா? பொத்தான் சரியில்லை என்றால் உணர்கருவி போடுங்கள். யூஹுவா வட்டாரத்தில் வீவக அதைச் சோதித்துப் பார்த்தது. கதவிலும் அறையிலும் உணர்கருவி இருக்கும், வழக்கமான நடமாட்டம் மாறினால் குடும்பத்துக்குத் தகவல் போகும். முதியவர் எதையும் அழுத்த வேண்டாம், எதையும் பழக வேண்டாம்.

மல்லிகா_ஈசூன்
தன்னை ஒரு கருவி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அந்த முதியவரிடம் கேட்டீர்களா? கேட்க வேண்டாம் என்றுதானே உங்கள் பதிவே சொல்கிறது.

கோடர்_குமார்
நான் அப்படி எழுதவில்லை. கேட்பதை எல்லாம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். மீண்டும் படியுங்கள்.

மல்லிகா_ஈசூன்
பலமுறை படித்துவிட்டேன். நீங்கள் கடைசியாக எப்போது பஸ் ஏறினீர்கள்?

கோடர்_குமார்
அது எதற்கு?

மல்லிகா_ஈசூன்
சும்மா சொல்லுங்கள். உங்களிடம் கார் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கார்ப் படத்தைத் தளத்தில் போட்டதே நீங்கள்தான். பத்து வெள்ளியில் எத்தனை நாள் ஓட்ட வேண்டும் என்று எண்ணாதவருக்கு மிச்சக் காசு பழக்கமாகத்தான் தெரியும்.

கோடர்_குமார்
இது தனிப்பட்ட தாக்குதல். என் உழைப்பில் வாங்கிய கார் அது. நான் நாலு அறை வீட்டில் வளர்ந்தவன், என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஏழ்மையை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். மிச்சம் பார்க்க வேண்டும் என்றால் எம்ஆர்டி நிலையத்தில் டிக்கெட் இயந்திரம் இருக்கிறது. அதில் அட்டையை வைத்தால் தெரியும்.

மல்லிகா_ஈசூன்
அத்தை பஸ்ஸில் போகிறார். எம்ஆர்டி நிலையத்துக்கு எதற்குப் போக வேண்டும்? மிச்சத்தைப் பார்க்க அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறீர்களா? விடியும் முன்னே வேலைக்குப் போகிறவரை?

ரேவதி_வடிவம்
குமார் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. திரை, செயலி, குரல் என்று மூன்றையும் வைத்து, மல்லிகா ஆன்டியின் அத்தையையும் செவிவழி அண்ணாவையும் ஒன்றாக உட்கார வைத்துச் சோதித்தால் என்ன? லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான எனேபிளிங் வில்லேஜ் 2015இலிருந்து இருக்கிறது. உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்க அங்கே இடமே உண்டு. அதுபோன்ற இடத்தில்...

கோடர்_குமார்
செலவை யார் கொடுப்பது?

மல்லிகா_ஈசூன்
முதலிலேயே கேட்டிருந்தால் 40 மில்லியன் மிச்சமாகியிருக்கும். அதையும் என் அத்தை தலையில் கட்டுகிறீர்கள். பழக்கத்துக்காகப் போன காசு இல்லை அது, கேட்காததற்காகப் போன காசு.

செவிவழி
நான் கேட்ட குரலைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. நானும் இந்த விவாதத்தில்தான் இருக்கிறேன்.

கோடர்_குமார்
விநாடிகள் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை நான் எழுதியது எழுதியதுதான். எண் தெரிவது பழக்கம். நாளை வேலை இருக்கிறது, பொத்தான் பற்றிய விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மல்லிகா_ஈசூன்
வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன். மிச்சம் எவ்வளவு என்று என் அத்தைக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

பெருமாள்_ஓய்வு
ஓட்டுநர் கத்துவார் என்ற வரி இன்னும் அப்படியே மேலே இருக்கிறது. எத்தனை பாட்டிகளுக்காக வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, சாய்தளத்தை விரித்துச் சக்கர நாற்காலியை ஏற்றியிருக்கிறோம். எங்களை இப்படி எழுதக் கூடாது. மல்லிகா, முதலில் அதை எடுங்கள், அப்புறம் குமாரிடம் கேளுங்கள்.