வகுப்பறையில் எவ்வளவு சொல்வது?

கேள்வி (கணித ஆசிரியர்):
நான் தன்பாலீர்ப்பு கொண்டவன். பணியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சக ஆசிரியர்கள் ஓய்வறையில் மனைவி, மக்களைப் பற்றி இயல்பாகப் பேசும்போது, நான் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பாடம் நடத்துவதைவிட இந்தக் கவனமே என்னைக் களைப்படையச் செய்கிறது. மாணவர்களிடம் மறைப்பது நேர்மைக் குறைவாகுமா?

பதில் 1 (வரலாற்று ஆசிரியர்):
ஆகாது என்றே கருதுகிறேன். மணமோதிரமும் மேசைமேல் உள்ள குடும்பப் படமும்கூடத் தன்னை வெளிப்படுத்துவதுதான். ஆனால் அவற்றை யாரும் அப்படி அழைப்பதில்லை. உங்கள் அச்சத்திற்கு வரலாறும் உண்டு. தன்பாலீர்ப்பாளர்களைப் பொதுப்பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் முன்மொழிவு ஒன்றைக் கலிபோர்னிய வாக்காளர்கள் 1978இல் தோற்கடித்தனர். பிரிட்டனிலோ 1988இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடைசெய்தது. அச்சொல்லின் பொருள் தெளிவற்றிருந்ததால், மாணவர் கேலிக்கு ஆளானபோதுகூடப் பல ஆசிரியர்கள் வாய் திறக்கத் தயங்கினர். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அது நீக்கப்பட்டது.

பதில் 2 (திருநங்கை ஆசிரியர்):
மறைக்கலாமா என்ற கேள்வியே உங்களுக்குக் கிடைத்த ஒரு வசதி, தோழரே. பணியில் இருக்கும்போதே பாலின மாற்றத்தை மேற்கொண்ட எனக்கு அது வாய்க்கவில்லை; பெயரும் விளிக்கும் முறையும் எல்லோர் முன்னிலையிலும் மாறின. மாணவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் ஓராண்டு தேவைப்பட்டது.

பதில் 3 (தொழிற்சங்க உறுப்பினர்):
எதையும் சொல்வதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் நாட்டின் சட்டத்தையும் படித்துவிடுங்கள். அமெரிக்காவில்கூட, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்வது பாலினப் பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் 2020இல்தான் தீர்ப்பளித்தது. முதலில் நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரிடம் சொல்லுங்கள். மாணவர்களிடம் சொல்வதைப் பிறகு முடிவு செய்யலாம்.